தசை–நரம்பு நோயுள்ள குழந்தைகளின் பேச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டூஷென் தசைச் சிதைவு, எஸ்.எம்.ஏ. (தண்டுவட நரம்பணு நலிவதால் வரும் தசைச் சிதைவு), பிறவி மயோடோனிக் டிஸ்ட்ரோஃபி, மயஸ்தீனியா, பிறவி மயோபதி என்று பெயர்கள் பல. தண்டுவடத்து நரம்பணுவில் தொடங்கித் தசை நார் வரைக்கும் உள்ள பாதையில் எங்கோ ஒரு பழுது என்பதுதான் எல்லாவற்றுக்கும் பொது. நடை, எலும்பு, இதயம், நுரையீரல் என்று ஒவ்வொன்றுக்கும் மருத்துவர் பார்த்துவிடுகிறார். பேச்சு மட்டும் ‘பிறகு பார்க்கலாம்’ பட்டியலில் கடைசியில் நிற்கிறது. பெற்றோரும் ஆசிரியர்களும் அதிகம் கேட்பவற்றுக்கு இங்கே பதில்கள்.

கை, காலில் பலவீனம் என்றார்கள். பேச்சு ஏன் குழறுகிறது?

பேசுவதும் தசை வேலைதான். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் உதரவிதானமும் காற்றைத் தருகின்றன. குரல்வளை அதை ஒலியாக்குகிறது. மெல்லண்ணம், அதாவது உள்நாக்கு தொங்கும் மென்மையான பகுதி, மேலே எழும்பி மூக்குப் பாதையை அடைக்கிறது. நாக்கு, உதடு, தாடை மூன்றும் எழுத்துகளை வடிக்கின்றன.

எது பலவீனமோ அதற்கேற்பப் பேச்சு மாறும். மூச்சு குறைந்தால் குரல் சன்னமாகி, இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை நிற்கும். குரல்வளை சரியாக மூடாவிட்டால் காற்று கலந்த குரல் வரும். மெல்லண்ணம் எழாவிட்டால் மூக்கால் பேசுவதுபோல் இருக்கும். உதடு சேராவிட்டால் ப, ம போகும். நாக்கு நுனி மேலே வளையாவிட்டால் ட, ண, ள, ழ, ற எல்லாம் ஒன்றுபோல் கேட்கும். ஆகவே ‘பேச்சு தெளிவில்லை’ என்று மட்டும் எழுதிய அறிக்கையால் பயனில்லை. எந்த இடத்தில் பழுது என்று ஸ்பீச் தெரபிஸ்ட் எழுதித் தரவேண்டும். பயிற்சி முழுவதும் அதைப் பொறுத்தே அமையும்.

அதை வீட்டில் ஓரளவு கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். நோயைத் தீர்மானிக்க இது போதாது, ஆனால் மருத்துவரிடம் சொல்ல உதவும்.

மூக்கு: மூக்கொலி இல்லாத சொற்களைச் சொல்லச் சொல்லுங்கள். ‘பாப்பா, தாத்தா, காக்கா, பச்சைச் சட்டை’ போதும். முதலில் சாதாரணமாக, பிறகு மூக்கை விரலால் மூடிக்கொண்டு. இரண்டும் ஒரே மாதிரி கேட்டால் மெல்லண்ணம் வேலை செய்கிறது. மூக்கை மூடியதும் குரல் மாறினாலோ, மூக்குத் துளைக்கு அடியில் பிடித்த சிறு கண்ணாடியில் ஆவி படிந்தாலோ, காற்று மேலே கசிகிறது. ‘மாமா, நான்’ போன்ற சொற்களில் இதற்கு நேர்மாறு: மூக்கை மூடினால் ஒலி மாறியே ஆகவேண்டும். மாறவில்லை என்றால் மூக்கோ அதன் பின்புறமோ ஏற்கெனவே அடைத்திருக்கிறது.

மூச்சு: நன்றாக இழுத்து ‘ஆ’ என்று முடிந்தவரை நீட்டட்டும். மூன்று முறை செய்து, அதிகம் வந்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி வயதுக் குழந்தைக்குச் சுமார் 10 விநாடி வரும். 5 விநாடியைத் தாண்டவில்லை என்றால் மூச்சையும் குரல்வளையையும் பார்க்கவேண்டும்.

களைப்பு: ஒன்றிலிருந்து ஐம்பது வரை சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். பத்தில் தெளிவாக இருந்த குரல் முப்பதில் மூக்கொலியாகி, நாற்பதில் குழறி, சற்று ஓய்வெடுத்ததும் மீண்டும் தெளிந்தால், அது மயஸ்தீனியா வகைக்கே உரிய அடையாளம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே பத்தி, அதே நேரம், போனை அதே தூரத்தில் வைத்து ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். தினமும் கேட்கும் காதுக்கு மாற்றம் தெரியாது. பதிவுகளை அடுத்தடுத்துப் போட்டால் தெரிந்துவிடும்.

என் பையனுக்கு டூஷென். அவன் குழறவில்லை, பேச்சே தாமதமாகத்தான் வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் காரணம் வேறு. டூஷெனில் குறைபடும் டிஸ்ட்ரோஃபின் புரதம் தசைக்கு மட்டும் உரியதல்ல, மூளையிலும் அதன் வடிவங்கள் உள்ளன. அவை குறையும்போது, காதில் விழுந்ததைச் சில விநாடிகள் மனத்தில் நிறுத்திவைக்கும் திறன் பாதிக்கப்படுகிறது. முதல் சொற்கள் தாமதமாகின்றன. நீண்ட கட்டளையில் பாதி நழுவிவிடுகிறது, பிறகு வாசிப்பிலும் சிக்கல் வரலாம். ‘பையை வை, கையைக் கழுவு, நோட்டை எடு’ என்று ஒரே மூச்சில் சொன்னால் கடைசி ஒன்றை மட்டும் செய்வான். அதைப் பிடிவாதம் என்று தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், முடித்த பிறகு அடுத்ததைச் சொல்லுங்கள்.

வயது ஏறும்போது நாக்கு பெருத்து, வாய் திறந்தே இருந்து, முன்பற்கள் சேராமல் போவதும் உண்டு. அதனால் ச, த போன்ற ஒலிகள் சிதறும். பல் மருத்துவரையும் அணியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நோய் இன்னும் கண்டறியப்படாத குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேச்சும் தாமதம், நடையும் தாமதம், தரையிலிருந்து எழும்போது கையைத் தொடையில் ஊன்றுகிறான் என்றால், பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பும்போதே சி.கே. (தசை சிதையும்போது ரத்தத்தில் கசியும் நொதி) ரத்தப் பரிசோதனையும் செய்யவேண்டும். டூஷெனில் அது பல ஆயிரங்களில் இருக்கும். கல்லீரல் சோதனையில் பார்க்கும் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. நொதிகளின் அளவுகளும் தசையிலிருந்து கசிந்து உயரும் என்பதால், கல்லீரல் கோளாறு என்று மாதக்கணக்கில் திசைமாறிப் போவதும் நடக்கிறது.

எஸ்.எம்.ஏ. குழந்தைக்குப் புரிதலிலும் குறை இருக்குமா?

பொதுவாக இல்லை. முகபாவம் குறைவாக, குரல் சன்னமாக இருப்பதால் மட்டுமே பலர் தவறாக எடைபோடுகிறார்கள். குழந்தைக்கு எல்லாம் புரிகிறது என்று வைத்துக்கொண்டே பேசுங்கள்.

பிறந்த சில மாதங்களிலேயே தெரியும் கடுமையான முதல் வகையில் தொண்டை, நாக்குத் தசைகள் தொடக்கத்திலிருந்தே பலவீனம். நாக்கில் புழு நெளிவதுபோன்ற துடிப்பும் தெரியும். இரண்டாம் வகையில் பேச்சு பெரும்பாலும் நன்றாக வரும். ஆனால் மூச்சு குறைவதாலும், வயதாக ஆகத் தாடை முழுதாகத் திறக்காமல் இறுகுவதாலும் பிற்பாடு தெளிவு குறையலாம். வாய் எவ்வளவு திறக்கிறது என்பதை, மேல், கீழ் முன்பற்களுக்கு இடையில் அளவுகோல் வைத்து, மில்லிமீட்டரில் குறித்துவாருங்கள்.

2016-க்குப் பிறகு வந்த நுசினெர்சென் ஊசி, 2019-இன் மரபணு சிகிச்சை, 2020-இன் ரிஸ்டிப்ளாம் மருந்து ஆகியவற்றால் முதல் வகைக் குழந்தைகள் பலர் உட்காருகிறார்கள், வளர்கிறார்கள். ஆனால் கை கால் முன்னேறும் வேகத்தில் பேச்சும் விழுங்குதலும் முன்னேறுவதில்லை. ஊசி போட்டாயிற்று, பேச்சு தானாக வரும் என்று காத்திருக்கவேண்டாம். மருந்து தொடங்கும் நாளிலேயே பயிற்சியும் தொடங்கட்டும்.

பிறவி மயோடோனிக் டிஸ்ட்ரோஃபியில் ஏன் ‘அம்மா’கூட வருவதில்லை?

மேலுதடு கூடாரம்போல் மேலே இழுபட்டு நிற்கும், கீழுதட்டோடு சேராது. ம, ப இரண்டும் உதட்டில்தானே பிறக்கின்றன! பல குழந்தைகள் தாங்களாகவே கீழுதட்டை மேல்பல்லில் வைத்தோ, நாக்கை மேலுதட்டில் தொட்டோ அந்த ஒலியை உண்டாக்குகிறார்கள். பார்க்க விசித்திரமாக இருக்கும், கேட்டால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும். அதைத் திருத்தாதீர்கள். சேரவே முடியாத உதட்டைச் சேர்க்கச் சொல்லிப் பயிற்சி கொடுப்பதைவிட, இந்த மாற்றுவழியை எல்லாச் சொற்களிலும் ஒரே சீராகப் பழக்குவதே பயன் தரும். மொழித் தாமதமும் கற்றல் சிரமமும் இந்த நோயில் அதிகம் என்பதால், படங்களோ சைகையோ சின்ன வயதிலேயே சேரட்டும்.

மயஸ்தீனியாவில் காலையில் நன்றாகப் பேசுகிறாள், மாலையில் புரியவில்லை. என்ன செய்வது?

நேரத்தைத் திட்டமிடுங்கள். பைரிடோஸ்டிக்மின் மருந்து கொடுத்து அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும், மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். சாப்பாடு, வாய்மொழித் தேர்வு, பயிற்சி எல்லாம் அந்த இடைவெளிக்குள் வரட்டும். சாப்பாட்டுக்கு முன் நிறையப் பேசவைத்தால் மெல்லவும் விழுங்கவும் வலு மிச்சமிருக்காது. சத்தமாகப் பேசவைக்கும் தீவிரப் பயிற்சி இந்த நோய்க்கு ஆகாது.

குரல் திடீரென்று மூக்கொலியாகி, எச்சிலை விழுங்க முடியாமல், ஒரு வாக்கியத்தை முடிக்க மூச்சு வாங்கினால் அடுத்த வேளை மருந்துக்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். சில ஆன்டிபயாடிக்குகளும் (ஜென்டமைசின், சிப்ரோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின் போன்றவை) நரம்பு வழி ஏற்றும் மக்னீசியமும் இந்த நிலையை வரவழைக்கக்கூடும். எந்த மருத்துவர் எதற்காகச் சீட்டு எழுதினாலும் முதலில் நோயின் பெயரைச் சொல்லுங்கள்.

பலூன் ஊதுதல், ஸ்ட்ராவில் குமிழி விடுதல், நாக்கை நீட்டி மடக்குதல் பலன் தருமா?

விளையாட்டாக இருக்கட்டும், சிகிச்சை என்று நம்பவேண்டாம். ஊதும்போது மெல்லண்ணமும் நாக்கும் செய்யும் வேலை வேறு, ‘பட்டம்’ என்று சொல்லும்போது செய்யும் வேலை வேறு. ஊதிப் பழகிய குழந்தை ஊதுவதில்தான் கெட்டிக்காரனாகும். தசைச் சிதைவு நோய்களில் களைக்கும்வரை தசையை வேலைவாங்குவது கெடுதலும்கூட. பயிற்சிக்குப் பிறகு பேச்சு முன்னைவிடக் குழறினால், அல்லது அடுத்த நாளும் களைப்பு தீராவிட்டால், அளவு மிஞ்சிவிட்டது.

அப்படியானால் பயிற்சியில் என்னதான் செய்வார்கள்?

பேச்சைப் பேசித்தான் பழகவேண்டும். இருக்கும் வலுவைச் சிக்கனமாகச் செலவிடக் கற்றுத்தருவதே இதில் பாதி வேலை.

முதலாவது, மூச்சுப் பிரிப்பு. ‘நாளைக்கு ஸ்கூலுக்குப் போகும்போது என்னோட நீல பாட்டிலை மறக்காம எடுத்துவைங்க’ என்பதை ஒரே மூச்சில் சொல்லும் குழந்தைக்குக் கடைசி மூன்று சொல்லும் காற்றில்லாமல் கரைந்துபோகும். தமிழில் வினை கடைசியில் வருவதால், என்ன செய்யவேண்டும் என்பதுதான் முதலில் தொலைகிறது. அதனால் ‘நீல பாட்டில் / எடுத்துவைங்க / நாளைக்கு ஸ்கூலுக்கு’ என்று மூன்று மூச்சாகப் பிரித்து, முக்கியமானதை முன்னால் வைத்துச் சொல்லப் பழக்குவார்கள். மூச்சு முழுவதும் தீரும் முன்பே நிறுத்தி இழுப்பது அடுத்த படி.

இரண்டாவது, வேகம். மெதுவாகப் பேசினால் பலவீனமான நாக்குக்கு இடம் சேரச் சமயம் கிடைக்கும். மூன்றாவது, தலைப்பை முதலில் சொல்வது. ‘கிரிக்கெட்’ என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் பேசத் தொடங்கினால், கேட்பவருக்குப் பாதி வேலை குறைகிறது. ஒரே அமர்வாக 45 நிமிடம் உட்காரவைப்பதைவிட, பத்துப் பத்து நிமிடமாக நாளுக்கு இரண்டு முறை நல்லது.

எந்த நிலையில் இருந்தால் குரல் நன்றாக வரும்?

இதில் நோய்க்கு நோய் வித்தியாசம். எஸ்.எம்.ஏ.யில் விலாத் தசைகள் பலவீனம், உதரவிதானம் ஓரளவு தேறும். அதனால் சில குழந்தைகளுக்குப் படுத்திருக்கும்போது மூச்சும் குரலும் சுலபம். உதரவிதானமே பலவீனமானவர்களுக்குப் படுத்தால் மூச்சு முட்டும், நிமிர்ந்து உட்காரவேண்டும். இரண்டு நிலையிலும் ‘ஆ’ நீட்டவைத்துப் பாருங்கள், எது சரி என்று குழந்தையின் குரலே சொல்லிவிடும். நாற்காலியில் பாதம் தரையிலோ பலகையிலோ பதியட்டும், முழங்கை தாங்கியில் இருக்கட்டும், தலை முன்னால் கவிழாதபடி தாங்கல் இருக்கட்டும். முதுகுக்கான பிரேஸ் வயிற்றை இறுக்கினால் பேச்சு அன்றே குறையும். வயிற்றுப் பகுதியில் திறப்பு வெட்டமுடியுமா என்று அதைச் செய்பவரிடம் கேளுங்கள்.

மூக்கால் பேசுவதை அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாமா?

அவசரப்படவேண்டாம். தொண்டையின் பின்சுவரிலிருந்து சதையை எடுத்து மெல்லண்ணத்தோடு தைக்கும் அறுவை மூக்குப் பாதையைக் குறுக்குகிறது. தூக்கத்தில் ஏற்கெனவே மூச்சு குறைந்திருக்கும் குழந்தைக்கு அது ஆபத்து. தசை–நரம்பு நோயில் மயக்க மருந்துக்கும் தனி எச்சரிக்கை வேண்டும். டூஷெனில், மயக்கம் கொடுக்கும்போது தசையைத் தளர்த்தத் தரும் சக்சினைல்கோலின் தரவே கூடாது.

பற்களில் மாட்டி, பின்பக்க நீட்டிப்பால் மெல்லண்ணத்தைத் தூக்கிப் பிடிக்கும் ஒரு பிளேட் உண்டு. செயற்கைப் பல் நிபுணரும் ஸ்பீச் தெரபிஸ்டும் சேர்ந்து, நீட்டிப்பைப் படிப்படியாகக் கூட்டி இதைச் செய்கிறார்கள். பிடிப்புக்கு உறுதியான பற்கள் வேண்டும், குமட்டல் உணர்வு அதிகமுள்ள குழந்தைக்குச் சிரமம். எச்சிலையே விழுங்க முடியாத குழந்தைக்கு ஏற்றதல்ல.

அடினாய்டு சதையை எடுக்கச் சொன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். பலவீனமான மெல்லண்ணம் அந்தச் சதையில் முட்டித்தான் மூக்கை அடைத்துக்கொண்டிருக்கலாம். அதை எடுத்தபின் மூக்கொலி திடீரென்று கூடுவதுண்டு. மூச்சுக்காகக் கட்டாயம் எடுக்கவேண்டியிருந்தால், மெல்லண்ணத்தைச் சோதித்தபின் எடுக்கட்டும்.

குரல் பெருக்கி வாங்கலாமா?

சொற்கள் தெளிவு, சத்தம் மட்டும் குறைவு என்றால் நல்ல பொருள். தலையில் மாட்டும் மைக்கும் சிறிய ஸ்பீக்கரும் கொண்டதாக வாங்குங்கள். மைக் வாயின் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டரில் இருக்கவேண்டும். நேர் முன்னால் வைத்தால் மூச்சுக் காற்று ‘புஸ்’ என்று அடிக்கும். ஸ்பீக்கர் மைக்குக்குப் பக்கத்தில் வந்தால் ஊளையிடும், சக்கர நாற்காலியின் பக்கவாட்டில் கட்டிவிடுங்கள். பேச்சே குழறலாகவோ மூக்கொலியாகவோ இருந்தால், அந்தக் குழறலையும் சேர்த்தே பெருக்கும்.

குரல் மெலிந்துகொண்டே போகிறது. எப்போது மருத்துவரைப் பார்க்கவேண்டும்?

குரல் மெலிவது பெரும்பாலும் நுரையீரல் செய்தி. அதோடு காலையில் தலைவலி, தூக்கத்தில் அடிக்கடி விழிப்பு, பகலில் தூக்கக் கலக்கம், வலுவில்லாத இருமல் இவற்றில் ஏதாவது சேர்ந்தால் மூச்சு அளவும் தூக்கச் சோதனையும் தேவை. இரவில் மாஸ்க் வழியாக மூச்சு உதவி தொடங்கியபின் பகல் குரல் தெளிந்த குழந்தைகள் உண்டு. பகலிலும் மாஸ்க் தேவைப்பட்டால், மூக்கை மட்டும் மூடும் மாஸ்க்கோ வாயால் கவ்வி இழுக்கும் குழாயோ இருந்தால் பேச வாய் கிடைக்கும்.

சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் ‘களகள’ என்று ஈரக் குரல், ஒரு வேளைச் சாப்பாடு அரை மணிக்கு மேல் இழுப்பது ஆகியவை விழுங்குதல் சோதனைக்கான அறிகுறிகள். அது பேச்சுப் பயிற்சியைவிட அவசரம்.

டிராக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழலில் குழாய் வைப்பது) போட்டால் பேச்சு போய்விடுமா?

பல குழந்தைகளால் பேச முடியும். குழாயில் ஒருவழி வால்வு பொருத்தினால், மூச்சு குழாய் வழியாக உள்ளே போய், குரல்வளை வழியாக வெளியே வரும். இங்கே ஒரு விதிக்கு விலக்கே கிடையாது: குழாயைச் சுற்றியுள்ள கஃப் பலூனை முழுதாகக் காற்றிறக்காமல் வால்வைப் பொருத்தக் கூடாது. பலூன் விரிந்திருந்தால் உள்ளே போன காற்றுக்கு வெளியே வர வழியில்லை, குழந்தை மூச்சுத் திணறிவிடும். குழாய் மூச்சுக்குழலுக்குப் பெரிதாக இருந்தாலும் இதே சிக்கல். முதல் சோதனை மருத்துவமனையில், சில நிமிடங்களுக்கு மட்டும். தூங்கும்போது கழற்றிவிடவேண்டும்.

வால்வு ஒத்துவராத குழந்தைகள், வென்டிலேட்டர் காற்றைத் தள்ளும்போது கசிந்து மேலே வருவதை வைத்துப் பேசுவார்கள். மெஷின் காற்றுத் தள்ளும் நேரத்தையும், மூச்சு வெளியேறி முடியும்போது நிற்கும் அழுத்தத்தையும் மருத்துவர் சற்றுக் கூட்டினால் ஒரு மூச்சில் சொல்லும் சொற்கள் அதிகமாகும். அந்த எண்களை வீட்டில் மாற்றாதீர்கள்.

படப் பலகை, பேசும் கருவி கொடுத்தால் பேச முயல்வதையே விட்டுவிடாதா?

இந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு. ஆய்வுகள் காட்டுவது நேர்மாறு: பேச்சு குறைவதில்லை, சில குழந்தைகளுக்குக் கொஞ்சம் கூடுகிறது. பேச்சு முழுதாகப் போனபிறகு தொடங்குவதுதான் தவறு. அப்போது குழந்தை கற்கவேண்டியதும் அதிகம், களைப்பும் அதிகம்.

முதலில் ஆம், இல்லை இரண்டுக்கும் நம்பகமான அடையாளம் ஒன்றை முடிவுசெய்யுங்கள். கண்ணை மேலே உயர்த்தினால் ஆம், பக்கத்தில் திருப்பினால் இல்லை. கண் சிமிட்டல் வேண்டாம், அது தானாகவும் நடக்கும். பலகையில் ‘வேண்டும், வேண்டாம், இன்னும், நிறுத்து, வலிக்குது’ இருக்கட்டும். ‘சளியை எடுங்க’, ‘திருப்பிப் படுக்கவைங்க’, ‘மாஸ்க் நழுவுது’ இருந்தே ஆகவேண்டும். ‘போர் அடிக்குது’, ‘சும்மா சொன்னேன்’ போன்றவற்றையும் சேருங்கள். உடம்புத் தேவையை மட்டும் சொல்லும் பலகையைக் குழந்தை சீக்கிரமே ஒதுக்கிவிடும்.

எழுதப் படிக்கத் தெரிந்த குழந்தைக்கு 247 எழுத்தையும் அட்டையில் நிரப்பவேண்டியதில்லை. நீங்கள் கேளுங்கள்: ‘உயிரா? வல்லினமா? மெல்லினமா? இடையினமா?’ வல்லினத்தில் கண் உயர்ந்தால் ‘க, ச, ட, த, ப, ற’ என்று ஆறையும் நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். பிறகு ‘புள்ளியா? குறிலா? நெடிலா?’ ‘பாடு’ என்று சொல்ல: வல்லினம், ப, நெடில், ஆ, வல்லினம், ட, குறில், உ. மின்சாரமோ கருவியோ வேண்டாம், படுக்கையிலும் ஐ.சி.யு.விலும் ஓடும். பாதியில் சொல்லை ஊகித்து முடிப்பதற்கு முன் குழந்தையிடம் அனுமதி கேளுங்கள்.

குரலைச் சேமித்து வைக்க முடியுமா?

தெளிவாக இருக்கும்போதே பதிவு செய்யுங்கள். கூப்பிடும் பெயர்கள், சிரிப்பு, கேலி, கோபம், தானே சொல்லும் வாக்கியங்கள். இவற்றைப் பிறகு பேசும் கருவியில் அப்படியே ஏற்றலாம். சத்தமில்லாத அறை, நல்ல மைக், ஒருமுறைக்குப் பத்து நிமிடம். காலை வேளையில் குரல் நன்றாக இருக்கும்.

காதைச் சோதிக்கவேண்டுமா?

கட்டாயம். மெல்லண்ணத் தசை பலவீனமானால் நடுக்காதுக்குக் காற்று போகும் குழாயும் சரியாகத் திறக்காது, உள்ளே நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறையும். சின்ன வயதில் தொடங்கும் முகம்–தோள் தசைச் சிதைவிலும், குழந்தைப் பருவ பாம்பே (Pompe) நோயிலும், அதாவது தசையில் கிளைகோஜன் தேங்கும் பரம்பரை நோயிலும், காது நேரடியாகவே பாதிக்கப்படலாம்.

வகுப்பில் ஆசிரியர் என்ன செய்யவேண்டும்?

கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ணும்வரை காத்திருக்கவேண்டும். முன்வரிசை, மின்விசிறிச் சத்தத்துக்குத் தள்ளி. புரியாவிட்டால் தலையாட்டி ஒப்பேற்றாமல், புரிந்த பகுதியைத் திருப்பிச் சொல்லி மீதியை மட்டும் கேட்கலாம். முழுவதையும் மறுபடி சொல்லவைப்பது மூச்சை வீணடிப்பது. வாய்மொழித் தேர்வு காலையிலும், கூடுதல் நேரத்தோடும் இருக்கட்டும்.

வீட்டில் இரண்டு மொழி பேசுகிறோம். ஒன்றை நிறுத்தச் சொல்கிறார்கள்.

நிறுத்தவேண்டாம். தசைப் பலவீனம் எந்த மொழியிலும் ஒரே அளவுதான். மொழித் தாமதமுள்ள குழந்தைக்கும் இரண்டு மொழி கேடு செய்வதாகச் சான்றில்லை. பலகையிலும் கருவியிலும் இரண்டு மொழிச் சொற்களையும் ஏற்றுங்கள். தாத்தா பாட்டியிடம் எதில் பேசுகிறதோ அந்த மொழியில்தான் குழந்தை முதலில் வம்பளக்கும்.